கீழ்ப் புல்வெளிக் கதவு

குன்வோருக்குக் குதிரை என்றாலே பயம். வெளிக்கடல் தீவு ஒன்றில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள் அவள். அலை படகைத் தூக்கி எறியும் நாளில்கூடச் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஆனால் ஆட்டைவிடப் பெரிய மிருகம் எதிரே வந்தால் சாலையின் மறுபக்கம் போய்விடுவாள். கடல் நிலத்துக்குள் நீண்டு நுழையும் ஃபியோர்டின் உள்முனையில், மலைகளுக்கு நடுவே இருந்த அந்தப் பள்ளத்தாக்குக்கு அவள் வந்தது விடுதிப் பள்ளியில் சமையல் வேலை கிடைத்ததால்தான். இரண்டு வருடம் காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள்.

அந்த வருடம் மே பதினேழு தேசிய தின ஊர்வலத்தில், பிர்ச் மரக்கிளைகள் கட்டிய குதிரை வண்டி ஒன்று அவளை உரசிக்கொண்டு வந்து நின்றது. வண்டியில் பூட்டியிருந்த மஞ்சள் குதிரை கழுத்தை நீட்டி, அவள் கையிலிருந்த பூங்கொத்தை அப்படியே வாங்கி மென்றது. குன்வோர் போட்ட சத்தத்தில் வாத்தியக்காரர்களே ஒரு நிமிடம் தாளம் தப்பினார்கள்.

வண்டிக்காரன் சிரித்தான். "பயப்படாத. உன்ன ஒண்ணும் பண்ணாது. பூவைத்தான் கேட்டுது."

"கேட்டுதா? கேக்காமலே புடுங்கித் தின்னுடுச்சு!"

"அது என் தப்பு. வளர்ப்பு சரியில்ல" என்றான் ஆஸ்லே.

மறுநாள் மாலை வேறொரு பூங்கொத்தோடு விடுதி வாசலில் வந்து நின்றான். குதிரையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். அதற்காகவே அவனைப் பிடித்துப்போனது என்று குன்வோர் பிற்பாடு சொல்வாள்.

கல்யாணத்துக்கு முன்பே ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். கொட்டில் அவனுக்கு, சமையலறை அவளுக்கு. ஆஸ்லேக்கு மரம் அறுக்கும் ஆலையில் வேலை. வேலை முடிந்து வந்தால் காபிகூடக் குடிக்காமல் நேரே கொட்டிலுக்குத்தான் போவான். அந்த வீட்டில் எப்போதும் ஒரு பெட்டைக் குதிரை இருந்தது. ஒன்று போனால் அதன் மகள். கடைசியாக வந்தவள் ப்ளீடா. அந்தக் கொட்டிலிலேயே பிறந்து, நனைந்த காகிதம் போலத் தள்ளாடி எழுந்து நின்றவள். வெளிறிய மஞ்சள் உடம்பு, நெற்றியிலிருந்து வால்வரை முதுகில் ஓடும் கறுப்புக் கோடு, நிமிர்த்தி வெட்டிய பிடரி. குன்வோர் அவளைச் சமையலறை ஜன்னல் வழியாகவே பார்த்து வளர்த்தாள். ஒரே மகன் ஐரிக் பெரியவனாகி வடகடலில் எண்ணெய்த் தளத்து வேலைக்குப் போனபின், வீட்டில் பேச்சு என்றால் பாதி ப்ளீடாவைப் பற்றித்தான்.

ஆஸ்லே முதலில் மறந்தது மனிதர்களின் பெயர்களை. அப்புறம் காபி போட்டதை, குடித்ததை, ஆலைக்குப் போகும் வழியை. எல்லாவற்றுக்கும் அவன் ஒரு வேடிக்கைப் பதில் வைத்திருந்தான். ஒருநாள் கொட்டிலிலிருந்து வெகுநேரம் வராததால் குன்வோர் போய்ப் பார்த்தாள். கழுத்துப் பட்டையைத் தலைகீழாக மாட்டிவிட்டு, அதை எப்படிக் கழற்றுவது என்று தெரியாமல் நின்றிருந்தான். ப்ளீடா அசையாமல் காத்துக்கொண்டிருந்தாள். அன்று அவன் வேடிக்கை எதுவும் சொல்லவில்லை.

"குன்வோர், என் தலையிலேருந்து எல்லாம் ஒழுகிக்கிட்டே இருக்கு. முழுசா ஒழுகிப் போறதுக்குள்ள இவள நீ கத்துக்கோ."

"எனக்கா? கிட்டப் போகவே நடுங்குது."

"அவளும் உன்னப் பாத்துப் பயந்துட்டுதான் இருக்கா. ஜன்னல்லேருந்து மொறைச்சுப் பாக்கிற பொம்பளைன்னு நெனச்சிருப்பா."

இப்படித்தான் அறுபது வயதை நெருங்கும்போது குன்வோர் குதிரை வளர்க்கக் கற்றாள். முதல் நாள் ப்ளீடாவின் காதடியில் கை வைக்கச் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டாள். காதடி கதகதப்பாக இருந்தால் குதிரைக்குக் குளிரவில்லை. முன்னங்கால் அக்குளில் ஈரம் இருந்தால் அவளுக்குப் புழுக்கம். குளிர்காலம் சுலபம், உறைபனியில் அவளுக்குப் போர்வையே வேண்டாம், அடர்ந்த மயிர் பார்த்துக்கொள்ளும். வசந்தம்தான் பொல்லாதது. காலையில் நிலம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். மத்தியானம் சட்டையோடு நிற்கலாம் போல வெயிலடிக்கும். நாலு மணிக்கு மலைக்குமேல் கருத்து, பனியும் மழையுமாகச் சேர்ந்து பக்கவாட்டில் அறையும். அந்த நேரத்தில்தான் குதிரை பழைய மயிரைக் கொத்துக் கொத்தாக உதிர்த்துவிட்டு அரைகுறையாக நிற்கும். வெயிலில் போர்வையோடு விட்டால் வேர்க்கும், வேர்த்த உடம்பில் சாயங்காலக் காற்று பட்டால் சளி பிடிக்கும். நனைந்த உடம்பின்மேல் போர்வை போடக் கூடாது, முதலில் வைக்கோலால் தேய்த்து உலர்த்த வேண்டும். சேற்றில் நின்ற கால்களைத் துடைக்காவிட்டால் குளம்புக்குமேல் தோல் வெடித்துப் புண்ணாகும். திடீரென்று குளிர்ந்தால் தண்ணீர் குடிக்கமாட்டாள், குடல் கட்டிக்கொள்ளும். வெந்நீர் கலந்து, கொஞ்சம் உப்புக் காட்டிக் குடிக்க வைக்க வேண்டும்.

ஆஸ்லே இதையெல்லாம் ஒரே சீராகச் சொல்லவில்லை. ஒருநாள் அரைமணி நேரம் பிரசங்கம் போலச் சொல்வான். மறுநாள் கொட்டில் எந்தப் பக்கம் என்று கேட்பான். குன்வோர் கிடைத்ததைக் கிடைத்தபோது பிடித்துக்கொண்டாள். ஒரு விஷயத்தை மட்டும் அவன் திரும்பத் திரும்பச் சொன்னான்.

"கீழ்ப் புல்வெளிக் கதவ மட்டும் தொறந்துடாத. ராத்திரி உறைஞ்சு, பகல்ல வெயில் அடிக்கிற நாள்ல புது புல்லு முழுக்கச் சக்கரை. வயிறுமுட்டத் தின்னுட்டா குளம்புக்குள்ள வீங்கிடும். ஒருதடவ வந்த குதிரைக்கு மறுபடி வந்தா, நிக்கக் கால் இருக்காது."

ப்ளீடாவுக்கு ஒருதடவை வந்திருந்தது. பிழைத்துக்கொண்டாள். அதிலிருந்து வசந்தம் முழுக்க அவளுக்குக் கொட்டிலை ஒட்டிய மண் பட்டிதான், பழைய உலர்புல்தான். பச்சையாகத் தளதளவென்று கிடக்கும் கீழ்ப் புல்வெளியைக் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

சொன்னவன் அதையும் மறந்தான். இரண்டு வசந்தங்கள் போனபின் அவன் பட்டியருகே நின்று, "இந்தப் பாவப்பட்ட மிருகத்தப் பட்டினி போட்டு வச்சிருக்கீங்களே, யாரோடது இது?" என்று கேட்க ஆரம்பித்தான். குன்வோர் கதவுக்குச் சங்கிலி போட்டாள்.

ஐரிக் தொலைபேசியில் கத்தினான். "அம்மா, அப்பாவ முதியோர் இல்லத்துல சேத்துடு. குதிரைய வித்துடு. ரெண்டையும் நீ ஒருத்தி எவ்ளோ நாள் பாப்ப?"

"ரெண்டையும் சேத்துப் பாத்தாத்தான் ஒண்ணாவது நிக்கும். அவ முன்னாடி நிக்கிறப்பதான் உங்கப்பா உங்கப்பாவா இருக்கான்."

அது உண்மை. சட்டைப் பொத்தான் போடத் தெரியாத கை, பிடரி மயிரைக் கோதும்போது தடுமாறவே இல்லை.

குன்வோருக்கு அப்போது ஊர் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை, காலை நேரம் மட்டும். அவள் வரும்வரை ஆஸ்லேயைப் பக்கத்துப் பண்ணை யோஸ்டெய்ன் பார்த்துக்கொள்வான். ஆடு வளர்க்கிறவன், நல்ல மனசு, ஓயாத வாய். ஏப்ரல் கடைசியில் அவன் ஆடுகளெல்லாம் ஒரே சமயத்தில் ஈனத் தொடங்கின. ஒரு காலை குட்டி குறுக்கே மாட்டிக்கொண்டு ஓர் ஆடு தவிக்க, ஆஸ்லேயை அடுப்போரம் உட்காரவைத்துவிட்டு அவன் ஆட்டுக் கொட்டிலுக்கு ஓடினான். குட்டியை உயிரோடு எடுத்துவிட்டுத் திரும்பியபோது நாற்காலி காலியாக இருந்தது. ஆற்றங்கரைக்குத்தான் போயிருப்பான் என்று பயந்து அந்தப் பக்கம் தேடி ஓடினான்.

ஆஸ்லே வீட்டுக்குத்தான் போயிருந்தான். நேற்றுவரை பனி, அன்றைக்குக் கண்கூசும் வெயில். பட்டியில் ப்ளீடா போர்வையோடு நின்றிருந்தாள். அதிகாலையில் குன்வோர் போட்டுவிட்டுப் போனது. அவன் போர்வையைக் கழற்றினான், சரியாகவே மடித்து வேலியில் போட்டான். சங்கிலி அவனைத் தடுக்கவில்லை. கொக்கியை நிமிர்த்தி எடுக்க அந்த விரல்களுக்கு யோசனை தேவைப்படவில்லை.

மத்தியானம் கடந்து குன்வோர் வந்தபோது, ப்ளீடா கீழ்ப் புல்வெளியின் பச்சைப் புல்லில் நின்று தலை தூக்காமல் மேய்ந்துகொண்டிருந்தாள். ஆஸ்லே கல்லின்மேல் உட்கார்ந்திருந்தான். பல மாதங்களாக அந்த முகத்தில் காணாத சந்தோஷம்.

"பாரு குன்வோர், எப்படி மேயறா! பசிடீ அவளுக்கு. எவ்ளோ பசி!"

அவன் அவள் பெயரைச் சொன்னான். அதைக் கேட்டு மகிழ்வதா, கழுத்துக் கயிற்றைத் தேடி ஓடுவதா என்று ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. ஓடினாள். ப்ளீடாவை இழுத்துவந்து கொட்டிலில் கட்டினாள். சாயங்காலம் வழக்கம்போலப் பனிமழை அடித்தது. குளம்புகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்துதான் இருந்தன. ஒன்றும் ஆகாது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

ஒருநாள் சும்மா போயிற்று. அடுத்த காலை ப்ளீடா முன்கால்களை நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னுக்குத் தள்ளி, சுடுதரையில் நிற்பவள் போல நின்றாள். ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. குளம்புகள் அடுப்புக் கல்லாகக் கொதித்தன. குன்வோர் குளம்புக்குமேல் விரல் வைத்தபோது நாடி சுத்தியல் போல அடித்தது.

கால்நடை மருத்துவர் சிக்னே மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தாள். யோஸ்டெய்னும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். சிக்னே குளம்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நல்லா மேஞ்சிருக்கா. இவளுக்கு ஏற்கெனவே வந்தது எல்லாருக்கும் தெரியும்தானே? எப்படிப் புல்லுக்குப் போனா?"

யோஸ்டெய்ன் வாயைத் திறந்தான். குன்வோர் அவனைப் பார்க்கவில்லை, ஆஸ்லேயைப் பார்த்தாள். அவன் குதிரையின் காலையும் மருத்துவர் முகத்தையும் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். எதையோ தேடுவது போல. தேடியது கிடைத்துவிடுமோ என்ற பீதி அவன் கண்ணில் இருந்தது. "நானா...?" என்று உதடு அசைந்தது.

"நான்தான்" என்றாள் குன்வோர். "அவசரத்துல கதவச் சரியாச் சாத்தாம போயிட்டேன்."

ஆஸ்லேயின் தோள்கள் இறங்கின. பெரிய மூச்சு ஒன்று விட்டான். அப்புறம் அந்த முகம் சிவந்தது.

"கதவச் சாத்தலியா? எத்தன தடவ சொன்னேன்! கீழ்ப் புல்வெளின்னு எத்தன தடவ சொன்னேன் உனக்கு! ஒரு கதவச் சாத்தத் தெரியாதாடீ?"

"தெரியாமப் போச்சு, ஆஸ்லே."

"குன்வோர்..." என்று ஆரம்பித்தான் யோஸ்டெய்ன்.

"உன் ஆடுங்க காத்துக்கிட்டிருக்கும், போ" என்றாள் அவள். அந்தக் குரலைக் கேட்டு அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்தான்.

அதற்குப் பிறகான நாட்களில் ஆஸ்லே வியக்கும்படி தெளிவாக இருந்தான். கோபம் அவனைப் பிடித்து நிறுத்தியது போல. கொட்டிலின் வடக்குச் சுவரோரம் வெயில் படாமல் கிடந்த பழைய பனியைக் குன்வோர் மண்வெட்டியால் கொத்தி, சாக்கில் கட்டி, ப்ளீடாவின் கால்களைச் சுற்றி அடுக்கினாள். ஆலையிலிருந்து மூட்டை மூட்டையாக மரத்தூள் வந்தது. படுத்தால் மெத்தையாக இருக்க ஆழமாகப் பரப்பினார்கள். ஆஸ்லே குதிரையின் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கட்டளை போட்டான்.

"இன்னும் மேல கட்டு. இறுக்காத! சாக்கு கால்ல உறுத்துது பாரு. கண்ணு எங்க வச்சிருக்க?"

"சரி."

"உலர்புல்ல ஊறப் போட்டியா? தண்ணில ஊறினாத்தான் இனிப்பு போகும். போட்டியா இல்லியா? உன்ன நம்ப முடியாதே."

"போட்டேன், ஆஸ்லே."

ஒரு நாளைக்குள் மூன்று பருவமும் வந்து போயின. வெயில் வந்தால் அவள் கதவைத் திறந்து காற்று விட்டாள். பனிமழை வந்தால் போர்வையை எடுத்து ஓடினாள். உடம்பு ஈரமாக இருந்தால் தேய்த்து உலர்த்திவிட்டுப் போட்டாள். கண்ணை மூடாமலே காதடியில் கை வைத்தாள். எதற்காவது அவன் பாராட்டினானா என்றால், இல்லை. திட்டினான். ஆனாலும் ஒரே வேலையை இரண்டு பேரும் குனிந்து செய்த நாட்கள் அவை. அவள் முழங்கையில் அவன் முழங்கை இடித்தது. கல்யாணமான புதிதில்கூட அப்படி ஒரே கொட்டிலில் அவ்வளவு நேரம் அவர்கள் இருந்ததில்லை.

சிக்னே எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தாள். குளம்புக்குள்ளிருக்கும் எலும்பு கீழே சாய்ந்து, அடித்தோலைத் துளைக்கப் பார்த்தது. வலி மருந்தின் அளவு ஏறிக்கொண்டே போனது. ப்ளீடா படுத்தே கிடந்தாள். உலர்புல்லை வாயருகே கொண்டுபோனால் மரியாதைக்கு ஒரு வாய் எடுத்து, மெல்லாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு மேல வச்சிருந்தா அது நமக்காகத்தான், அவளுக்காக இல்ல" என்றாள் சிக்னே.

குன்வோர் ஆஸ்லேயைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். அவ்வளவு தெளிவாக, ஆலையில் மேற்பார்வையாளனாக இருந்த நாளில் தலையாட்டுவது போல.

மே மாதத்து மத்தியானம். வெளியே நல்ல வெயில், மேகமே இல்லை. ஆஸ்லே மரத்தூளில் உட்கார்ந்து ப்ளீடாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டான். ஊசி போட்டதும் அவள் கண் சற்று நேரம் அவன் முகத்திலேயே நின்றது. குன்வோர் குளம்புப் பக்கம் மண்டியிட்டு, வீங்கிய காலைப் பிடித்திருந்தாள். அவளைப் பயமுறுத்திய கால்கள் அவை. விட மனசு வராமல் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

லாரி வந்து எடுத்துப்போனபின் ஆஸ்லே அவளிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னான். "நீதான்."

அதன்பின் அவன் வேகமாகச் சரிந்தான். குதிரையில்லாத கொட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்து விழுந்து அடிபட்டான். இலையுதிர்காலத்தில் முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. குன்வோர் சமைக்கும் அதே இல்லம். அவனுக்குப் பிடித்த புளித்த பாலேட்டுக் கஞ்சியை அவளே கிண்டி, மேலே இலவங்கப்பட்டைத் தூள் தூவி, தட்டோடு அவன் அறைக்கு எடுத்துப்போவாள்.

அங்கேதான் அவளுக்குப் பெரிய சோதனை காத்திருந்தது. ஆஸ்லே ப்ளீடா என்ற பெயரை மறந்துவிட்டான். மகனை மறந்துவிட்டான். தான் செய்த வேலையை, வீட்டை, குன்வோர் என்ற பெயரை, அவள் தன் மனைவி என்பதை மறந்துவிட்டான். ஒன்றை மட்டும் மறக்கவில்லை.

"இவ வேண்டாம்" என்பான் தாதியிடம், கஞ்சித் தட்டைத் தள்ளிவிட்டு. "கதவத் தொறந்து விட்ட பொம்பள இவ."

"எந்தக் கதவு, ஆஸ்லே?"

"அவளக் கேளு. அவளுக்குத் தெரியும்."

குன்வோர் தட்டை மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குத் திரும்புவாள். பிறகு வேறு யாராவது போய் ஊட்டுவார்கள்.

விடுமுறைக்கு வந்த ஐரிக் இதைக் கண்ணால் பார்த்தான். யோஸ்டெய்ன் அவனிடம் நடந்ததையெல்லாம் கொட்டியிருந்தான். யோஸ்டெய்னுக்கும் அந்தப் பாரம் தாங்கவில்லை. ஐரிக் நடைபாதையிலேயே அம்மாவை நிறுத்தினான்.

"தொறந்தது அவருதான்னு எனக்குத் தெரியும். இப்பவே போய்ச் சொல்லப் போறேன்."

"சொல்லி?"

"உன்ன இப்படி நாயத் துரத்துற மாதிரி..."

"ஐரிக், அவனுக்குள்ள இப்ப இருக்கிறதே அந்த ஒண்ணுதான். அந்த இடத்துல நான் இருந்துட்டுப் போறேன். அவன் பேர அங்க எழுதி வச்சா, தினமும் காலைல எழுந்து அதத்தான் படிப்பான்."

"நீ என்ன கல்லா?"

"இல்லடா" என்றாள் குன்வோர். சுவரில் சாய்ந்துகொண்டாள். மகன் அவளைப் பிடித்துக்கொண்டான்.

குளிர்காலத்தில் ஆஸ்லேக்கு நுரையீரலில் சளி கட்டியது. கடைசி வாரத்தில் ஒருநாள், புதிதாக வந்த தாதி ஒருத்தி விவரம் தெரியாமல் குன்வோரைக் கட்டிலருகே உட்காரச் சொன்னாள். ஆஸ்லே கண் திறந்து பார்த்தான். அடையாளம் கண்டுகொண்டான், அந்த ஒரே அடையாளத்தைத்தான். குன்வோர் எழுந்துகொள்ளப் போனாள்.

அவன் தாதியிடம் மெல்லச் சொன்னான். "அவளத் திட்டாதீங்க. குதிரைன்னா அவளுக்குப் பயம். பயந்து ஓடி வந்திருப்பா. அதான் சாத்தல."

குன்வோர் மறுபடி உட்கார்ந்தாள். அன்று மாலைவரை அவன் அவளை எழுந்து போகச் சொல்லவில்லை. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது என்று சொன்னால் பொய். அவள் அவனிடமிருந்து கேட்க விரும்பியது வேறு. ஆனால் வந்தது அதுதான், அதை வாங்கிக்கொண்டாள்.

பிப்ரவரியில் அவனைப் புதைத்தார்கள். தேவாலயக் கூடத்தில் காபி குடிக்கும்போது, பழைய குதிரைக்காரர்கள் இரண்டு மூன்று பேர் அவளுக்குக் கை கொடுத்துவிட்டுச் சீக்கிரம் நகர்ந்துகொண்டார்கள். ஆஸ்லேயின் குதிரையைக் கொன்றவள் என்று ஊர் முழுக்கத் தெரியும். யோஸ்டெய்ன் ஒரு மூலையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். ஐரிக்கிடம் சொன்னதோடு சரி, இனி யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று அவள் அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். கீழ்ப் புல்வெளியை அடுத்த வசந்தத்தில் அவன் ஆட்டுக்குட்டிகளுக்கே கொடுத்துவிட்டாள்.

அந்த ஏப்ரலில் ஒருநாள், கடையிலிருந்து திரும்பும் வழியில், புதிதாகக் குடிவந்த குடும்பத்தின் தோட்டத்தில் ஒரு பழுப்புக் குதிரை நிற்பதைப் பார்த்தாள். சுள்ளென்ற வெயில். குதிரைமேல் தடித்த போர்வை. அதன் விலாப்புறம் மூச்சில் ஏறி இறங்கியது. குன்வோர் வேலியருகே போய், கையை உள்ளே விட்டுக் குதிரையின் அக்குளைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம்.

வீட்டுக்கார இளம்பெண் வெளியே வந்தாள். யார் என்று தெரிந்ததும் முகம் மாறியது. ஊருக்குப் புதிது என்றாலும் கதை அவள் காதுக்கும் வந்திருந்தது.

"என்ன வேணும்?"

"வேர்த்து ஊறிப் போயிருக்கு. போர்வையக் கழட்டிடுங்க. தேச்சு உலர்த்திட்டு, காத்து திரும்பினதும் மறுபடி போடுங்க. நாலு மணிக்குத் திரும்பிடும்."

அந்தப் பெண் புருவத்தைத் தூக்கினாள். "நீங்களா சொல்றீங்க?"

"ஆமா. நான்தான் சொல்றேன்."

பெண் தயங்கி நின்றாள். குன்வோர் நகரவில்லை. பையைத் தரையில் வைத்துவிட்டு வேலிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் அந்தப் பெண் போய், வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் போர்வையைக் கழற்றினாள். குதிரை உடம்பைச் சிலிர்த்து உதறியது. அதன் முதுகிலிருந்து ஆவி எழுந்தது. அது அடங்கும்வரை பார்த்துவிட்டு, குன்வோர் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.